கெட்ட செய்தி உங்களிடம் எத்தனை மணிக்கு வருகிறது? மாற்றத்தை உண்டாக்கும் தலைமைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தபோது நடந்தது இது. இரவு ஷிப்டில் சிஎன்சி மெஷினில், அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி கடையும் மெஷினில், ஒரு பையன். ஐடிஐ முடித்து வந்து எட்டு மாதம் ஆகியிருக்கும். பதினோரு மணிக்குத் தேய்ந்துபோன இன்சர்ட்டை, அதாவது உலோகத்தைக் கடையும் வெட்டுமுனையை, எடுத்துவிட்டுப் புதிதைப் போட்டான். பழையது தேயத் தேய அதை ஈடுகட்டக் கொடுத்துவந்த அளவுத் திருத்தத்தை, அதாவது ஆஃப்செட்டை, எடுக்க மறந்துவிட்டான். துளை 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு) பெரிதாகிவிட்டது. சிறிதாக இருந்தால் மறுபடி கடைந்து காப்பாற்றலாம், பெரிதானால் ஸ்கிராப்தான். சரியான துளைக்குள் போகக்கூடாத நோ-கோ கேஜ் வழுக்கிக்கொண்டு உள்ளே போனபோதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. அதற்குள் 27 பீஸ் ஓடிவிட்டது. ஆஃப்செட்டைச் சரிசெய்தான், அந்த 27-ஐயும் நல்ல பீஸ்களோடு ட்ரேயில் கலந்தான், காலையில் கம்பெனி பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் ஒரகடத்திலிருந்து கஸ்டமர் போன். அவனையும் சேர்த்து நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் ஸ்டோரில் தரையில் உட்கார்ந்து, 600 பீஸை ஒவ்வொன்றாகக் கேஜ் போட்டுப் பிரித்தோம். இரண்டு நாள் ஆனது. திரும்பும்போது வேனில் அவனிடம் கேட்டேன்: "ராத்திரியே ஒரு போன் பண்ணியிருக்கலாமேடா?"

ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னான்: "போன மாசம் இந்த அண்ணன் டூல் உடைஞ்சதுன்னு உங்களுக்குப் போன் பண்ணாரு. மறுநாள் காலையில எல்லாரையும் வெச்சுக்கிட்டு அவரை என்ன சொன்னீங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு சார்."

அந்த அண்ணன் அவனுக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். பூந்தமல்லி வரும்வரை வேனில் யாரும் பேசவில்லை.

முதலில் அந்தப் பெரிய சொல்

மாற்றத்தை உண்டாக்கும் தலைமையை 'உருமாற்றத் தலைமை' என்று பாடப் புத்தகங்களில் போடுகிறார்கள். இதற்கு நான் பயிற்சிக்குப் போயிருக்கிறேன். கிண்டியில் ஒரு ஹோட்டல், ஏசி அறை, பஃபே சாப்பாடு, கடைசியில் குரூப் போட்டோ, கையில் ஒரு சான்றிதழ். திங்கட்கிழமை காலை ஷிப்டில் எல்லாம் பழையபடி. சொல்லித்தந்ததில் தப்பில்லை. நாளைக்குக் காலையில் எங்கே ஆரம்பிப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

கருத்து எளிமையானதுதான். 1978-ல் அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் மெக்ரெகர் பர்ன்ஸ் தலைமையை இரண்டு வகையாகப் பார்த்தார். ஒன்று கொடுக்கல் வாங்கல்: நீ ஓட்டுப் போடு, நான் ரோடு போடுகிறேன். இன்னொன்றில் தலைவரும் கூட இருப்பவர்களும் ஒருவரையொருவர் மேலே தூக்கிவிடுகிறார்கள். 1985-ல் அமெரிக்க உளவியல் அறிஞர் பெர்னார்ட் பாஸ் இதை நிறுவனங்களுக்குப் பொருத்தி விரித்து எழுதினார். அந்த வழியில் வந்தவர்கள் சொல்லும் நான்கு அம்சங்களை நம் பேச்சில் இப்படிச் சொல்லலாம்: சொன்னபடி தானும் நடப்பது, போய்ச்சேர வேண்டிய இடத்தைக் கண்ணில் காட்டுவது, ஆட்களை யோசிக்க வைப்பது, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனிப்பது.

இந்த நான்கையும் நான் ஒரே கேள்வியாகச் சுருக்கி வைத்திருக்கிறேன். உங்கள் இடத்தில் ஒரு தப்பு நடந்தால், அது உங்கள் காதுக்கு வர எத்தனை நேரம் ஆகிறது? உங்களை நம்பாதவர் சொல்லமாட்டார். எதற்காக இந்த வேலை என்று தெரியாதவருக்குச் சொல்லத் தோன்றாது. யோசித்துப் பழகாதவருக்கு அது தப்பு என்றே தெரியாது. உங்களோடு இரண்டு வார்த்தை தனியாகப் பேசியிராதவருக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாது. நான்கில் எது ஓட்டையாக இருந்தாலும் செய்தி அங்கே நின்றுவிடும்.

கொடுக்கல் வாங்கலை மட்டமாக நினைக்கவேண்டாம். அந்த அடித்தளத்தின்மேல்தான் மற்றது நிற்கும் என்றுதான் பாஸும் சொன்னார். சம்பளம் 7-ம் தேதிக்குள் வராத இடத்திலும், ஓவர்டைம் கணக்கில் கைவைக்கும் இடத்திலும் இலட்சியம் பேசினால் சிரிப்பார்கள். உங்கள் இடம் அப்படியென்றால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

படி 1: இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நான்கு கட்டம் போடுங்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது, எனக்கு எப்போது தெரிந்தது, யார் சொன்னார். இரண்டு வாரம் வரும் ஒவ்வொரு கெட்ட செய்தியையும் எழுதுங்கள். மெஷின் நின்றது, டெலிவரி தள்ளிப்போனது, ஒருவர் வேலையை விடப்போகிறார், கஸ்டமர் கோபத்தில் இருக்கிறார் என்று எதுவானாலும் சரி.

பார்க்கவேண்டியது நான்காவது கட்டம். என் முதல் இரண்டு வாரத்தில் 19 வரிகள் இருந்தன. அதில் சம்பந்தப்பட்டவரே வந்து சொன்னது 3. மீதியைக் கஸ்டமர் சொன்னார், குவாலிட்டி டிபார்ட்மென்ட் சொன்னது, என் மேனேஜர் சொன்னார். ஒன்றை வாசல் டீக்கடைக்காரர் சொன்னார்: "உங்க ஆளு ஒருத்தரு ஸ்ரீபெரும்புதூர்ல இன்டர்வியூ போறாராமே?"

ஓஎம்ஆரில் ஐடி டீமை நடத்துபவருக்கும் இதே நோட்டுதான். சோழிங்கநல்லூரில் டீம் லீடாக இருக்கும் என் மைத்துனன் போட்டுப்பார்த்தான். மதியம் இரண்டு மணிக்கு டீமில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பிரச்னை அவனுக்கு இரவு ஒன்பதரைக்கு, அமெரிக்காவிலிருந்து கிளையன்ட் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. ஏழரை மணிநேரம்.

நோட்டை யாரிடமும் காட்டவேண்டாம். காட்டினால் அதையும் ஒரு டார்கெட் ஆக்கிவிடுவார்கள்.

படி 2: முதல் பத்து விநாடி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒருவர் கெட்ட செய்தியோடு உங்கள் முன்னால் வந்து நிற்கிறார். அடுத்த பத்து விநாடியில் உங்கள் முகம் என்ன செய்கிறது என்பதை அவர் பார்க்கிறார். தூரத்திலிருந்து இன்னும் பத்துப் பேர் பார்க்கிறார்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு உங்களிடம் எது வரும், எது வராது என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. நான் மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். மனப்பாடம் என்று சொல்வதற்குக் காரணம், அந்த நேரத்தில் நல்ல குணமெல்லாம் கைகொடுக்காது; பழக்கம்தான் கைகொடுக்கும்.

"சொன்னது நல்லதாப் போச்சு."
"இப்போ என்ன நிலைமையில இருக்கு?"
"நான் என்ன செய்யணும்?"

"யாரு பண்ணது?" என்பது இதில் இல்லை. "ஏன்?" என்பதும் இல்லை. ஜப்பானிய முறையில் ஐந்து தடவை 'ஏன்' கேட்டு மூலகாரணத்தைப் பிடிக்கச் சொல்வார்கள். நம் தொழிற்சாலைகளில் அதற்கு ஃபாரமே அடித்து வைத்திருக்கிறோம். ஆனால் தமிழில் "ஏன் இப்படிப் பண்ணே?" என்பது கேள்வியே இல்லை, திட்டு. ஐந்து தடவை கேட்டால் போலீஸ் ஸ்டேஷன். அதையே "எப்படி ஆச்சு?" என்று கேட்டுப்பாருங்கள். கதை முழுசாக வரும். 'ஏன்' ஆளைக் கேட்கிறது, 'எப்படி' வேலையைக் கேட்கிறது.

ஹார்வர்டில் இருக்கும் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் மருந்து கொடுப்பதில் தப்பு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்குக் கணக்கு தலைகீழாக வந்தது. பிறகுதான் புரிந்தது: அங்கே தப்பு கூடுதலாக நடக்கவில்லை, கூடுதலாக வெளியே சொல்லப்பட்டது. ஆகவே நீங்கள் இந்தப் படியைச் சரியாகச் செய்தால் முதல் இரண்டு மூன்று மாதம் உங்கள் பிரிவில் பிரச்னை அதிகமானதுபோல ரிப்போர்ட்டில் தெரியும். மேலே இருப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நான் சொல்லிவைக்கவில்லை. அதற்கு ஒரு ரிவியூ மீட்டிங்கில் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

ஏற்கனவே கெடுத்துவைத்தவர்களுக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. எல்லோர் முன்னாலும் திட்டியதற்கு எல்லோர் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும். வேன் பயணத்துக்கு மறுநாள் காலை ஷிப்ட் மீட்டிங்கில் அந்த அண்ணனைப் பார்த்துச் சொன்னேன்: "போன மாசம் நீங்க டூல் உடைஞ்சதும் உடனே சொன்னீங்க. அதுதான் சரி. நான் பேசினது தப்பு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. சினிமாவாக இருந்தால் கைதட்டியிருப்பார்கள். இங்கே, சாருக்கு இன்னைக்கு என்ன ஆச்சு என்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒரு நாளில் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது.

ஐந்து மாதம் கழித்து ஒரு ராத்திரி 1.20-க்குப் போன். அந்தப் பையன்தான். "சார், நாலு பீஸ் போச்சு. மெஷினை நிறுத்திட்டேன்." தூக்கக் கலக்கத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் வாய் பழக்கத்தில் முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டது.

அப்படியென்றால் தண்டனையே கிடையாதா? உண்டு. தெரியாமல் நடந்த தப்புக்கு இல்லை. மறைத்ததற்கு உண்டு, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியதற்கு உண்டு. பிரஸ் மெஷினில் கையைக் காப்பாற்றும் சென்சாரை வேலை செய்யவிடாமல் கட்டிவைத்துவிட்டு ஓட்டியவரிடம் "எப்படி ஆச்சு?" என்று கொஞ்சிக்கொண்டிருக்க முடியாது. இந்தக் கோட்டை முன்னாலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். சம்பவம் நடந்த பிறகு கோடு போட்டால் அது பழிவாங்கலாகத் தெரியும்.

படி 3: வா, வாங்க

நிர்வாகப் புத்தகங்களில் இது இருக்காது. அவர்கள் மொழியில் இந்தச் சிக்கலே இல்லை.

உங்கள் பிரிவில் யார் யாரை 'நீ' என்கிறீர்கள், யாரை 'நீங்கள்' என்கிறீர்கள் என்று ஒரு நாள் கவனியுங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும். பி.இ. படித்த 23 வயது ட்ரெயினிக்கு 'வாங்க'. பதினைந்து வருடம் மெஷின் ஓட்டியவருக்கு 'வா'. கான்ட்ராக்ட் ஆளுக்கு 'டேய்'. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவருக்குப் பெயரே கிடையாது, எல்லோரும் 'பாய்'.

'டேய்' என்று கூப்பிடப்படுபவர் உங்களிடம் வந்து, "சார், நீங்க போட்ட பிளான் தப்பு" என்று சொல்வாரா? பாசமாகத்தானே கூப்பிடுகிறேன் என்பீர்கள். இருக்கலாம். அவர் திருப்பி அதே பாசத்தோடு உங்களை அப்படிக் கூப்பிட முடியுமா என்று மட்டும் யோசித்துப்பாருங்கள். வேனில் நான் அந்தப் பையனைக் கேட்ட கேள்வியிலும் ஒரு 'டா' இருந்தது.

வேலை இடத்தில் எல்லோருக்கும் 'நீங்க' என்று மாற்ற எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஆரம்பத்தில் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். பெயர்களைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டேன், கொஞ்சம் உடைந்த ஹிந்தியும். செலவில்லாத மாற்றம் இது. இவ்வளவு பலன் தந்த வேறொன்றை நான் பார்க்கவில்லை.

படி 4: ஆளுக்கு இருபது நிமிடம்

மாதம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் இருபது நிமிடம் தனியாகப் பேசுங்கள். இருபது பேர் இருந்தால் ஒரு நாளைக்கு ஒருவர் கணக்கு. கேபினுக்குக் கூப்பிடாதீர்கள், கேபின் என்றால் மெமோ என்றுதான் நம் ஆட்களுக்குத் தெரியும். கேன்டீனிலோ டீக்கடையிலோ பேசலாம். பெண்களிடம் பேசும்போது அவர்களுக்குச் சங்கடமில்லாத, நாலு பேர் பார்க்கும் இடமாக, கம்பெனி வண்டி கிளம்பும் நேரத்தில் மோதாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஏதாவது பிரச்னையா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல சார்" என்றுதான் பதில் வரும். அது ஒரு மரியாதை. நான் கேட்பது இவை: இந்த வாரம் எது உங்களைக் கடுப்பேத்துச்சு? இங்கே எதையாவது மாத்தலாம்னா எதை மாத்துவீங்க? உங்களுக்குத் தெரிஞ்ச எதை இங்கே யாரும் பயன்படுத்திக்கலை?

மூன்றாவது கேள்வியில் எனக்குக் கிடைத்த அடியைச் சொல்கிறேன். இறுதிச் சோதனை மேசையில் ஒரு பெண், விழுப்புரம் பக்கத்துக்காரர், மூன்று வருடமாக இருந்தார். அமைதியானவர். இந்தக் கேள்வியைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, டிபன் பையிலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் அன்றைக்கு எந்த மெஷினிலிருந்து எத்தனை பீஸ் தள்ளுபடி, என்ன குறை என்று குறித்திருந்தார். முன்பக்கத்தில் ராகுகாலம், எமகண்டம். பின்பக்கத்தில் எங்கள் தொழிற்சாலையின் உண்மை. ஷிப்ட் மாறிய முதல் ஒரு மணிநேரத்தில்தான் தள்ளுபடி கூடுகிறது என்பது அந்தத் தாள்களைப் பரப்பிவைத்தாலே தெரிந்தது. "ஏம்மா, இதை யார்கிட்டயும் காட்டலையா?" என்றேன். "யாரும் கேக்கலையே சார்" என்றார்.

கம்ப்யூட்டரில் எங்களுக்கு இதே விவரம் இருந்தது. ஆனால் நாள் கணக்கில் இருந்தது, மணிக் கணக்கில் இல்லை.

இந்தப் பேச்சில் கேட்டதில் ஒன்றையாவது அடுத்த சந்திப்புக்குள் முடித்துக்கொடுங்கள். சின்னதாக இருந்தால் போதும். ஃபேன் திருப்புவது, பஸ் ஸ்டாப்பை ஒரு தெரு தள்ளி மாற்றுவது. முடியாதென்றால் முடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்பதுதான் இருப்பதிலேயே மோசமான பதில். சென்னையில் "பார்க்கலாம்" என்றால் நடக்காது என்று குழந்தைக்கும் தெரியும்.

படி 5: பதிலை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்

மேற்பார்வையாளர் ஆனவர்களில் பெரும்பாலோர் வேலையில் கெட்டிக்காரர்கள். அதனால்தான் பதவி கிடைத்தது. அதுவே இங்கே இடைஞ்சல். கேள்வி வந்ததும் பதில் நம் வாயில் ரெடியாக இருக்கிறது. நாம் சொல்லச் சொல்ல எதிரில் இருப்பவர் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்.

"இப்ப என்ன சார் பண்றது?" என்று வருபவரிடம், "நான் இங்கே இல்லைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். முதல் நான்கு தடவை "உங்களுக்குப் போன் பண்ணுவேன் சார்" என்பார்கள். விடாமல் கேளுங்கள். மீட்டிங்கில் கடைசியாகப் பேசுங்கள், வயதில் சின்னவரை முதலில் பேசவிடுங்கள். பெரியவர் கருத்துச் சொன்னபிறகு இளையவர் மாற்றிச் சொல்வது நம்மிடம் மரியாதைக்குறைவு. முறையைத் திருப்பிப்போட்டால் அந்தச் சங்கடமே வராது. அவர் சொன்னதில் கொஞ்சம் தப்பு இருந்தாலும், ஆபத்தில்லை என்றால் செய்யவிடுங்கள்.

காலண்டர் தாள் விஷயத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். ஷிப்ட் மாறும்போது இரண்டு ஆபரேட்டரும் பத்து நிமிடம் மெஷின் பக்கத்திலேயே நின்று கைமாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் யோசனை. வாய்க்குள் வைத்திருந்தேன். அவர்கள் பேசிப்பேசி, கடைசி ஐந்து பீஸின் அளவுகளையும் அப்போதிருக்கும் ஆஃப்செட்டையும் சாக்பீஸால் மெஷின் கதவிலேயே எழுதிவைப்பது என்று முடிவெடுத்தார்கள். என் யோசனைக்கு பஸ் நேரத்தை மாற்றியிருக்கவேண்டும். அவர்களுடையதற்கு ஒரு சாக்பீஸ் போதும்.

ஆலோசனைப் பெட்டி பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கேன்டீன் சுவரில் ஒன்று இருந்தது, பூட்டோடு. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது.

படி 6: போய்ச்சேரும் இடம் கண்ணுக்குத் தெரியவேண்டும்

'உலகத் தரம்', 'முதன்மை நிறுவனம்' என்று ரிசப்ஷனில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. சென்னையிலேயே நல்ல உதாரணம் பெரம்பூரில் இருக்கிறது. 1955-ல் தொடங்கிய ஐசிஎஃப், மத்திய அரசின் ரயில்பெட்டித் தொழிற்சாலை. 2016-ல் பொது மேலாளராக வந்த சுதான்ஷு மணியின் காலத்தில் அங்கே ஒரு வேலையைக் கையில் எடுத்தார்கள். தனி என்ஜின் இல்லாமல் தானே ஓடும் ரயில்; நம் புறநகர் மின்சார ரயிலின் தத்துவம்தான், ஆனால் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்துக்கு, நீண்டதூரப் பயணத்துக்கு. ஏறக்குறைய 18 மாதத்தில் செய்துமுடித்து 2018 அக்டோபரில் வெளியே கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரி 15-ல் டெல்லி–வாரணாசி இடையே வந்தே பாரத் என்ற பெயரில் அது கிளம்பியது.

எனக்குப் பிடித்தது அதன் முதல் பெயர்: ட்ரெயின் 18. 18 என்பது 2018. கெடுவைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். அதே ஆட்கள், அதே ஷெட், அதே அரசாங்கச் சம்பளம். என்ன செய்கிறோம், எப்போதைக்குள் என்பது வெல்டருக்கும் தெரியும், கிளார்க்குக்கும் தெரியும்.

நமக்கு ரயில் தேவையில்லை. எங்கள் பிரிவுக்கு நாங்கள் வைத்துக்கொண்டது, 'ராத்திரி யாருக்கும் போன் போகாத ஒரு மாதம்'. இதை நான் சொல்லவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டபோது மெயின்டனன்ஸ்காரர் ஒருவர் அலுத்துக்கொண்டு சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள், அதையே வைத்துக்கொண்டோம். போன் வராமல் இருப்பது என்றால் மறைப்பது இல்லை, போன் செய்யும் அளவுக்கு எதுவும் ஆகாமல் இருப்பது என்று போர்டில் கீழே ஒரு வரி சேர்க்கவேண்டியிருந்தது. நம் ஆட்கள் விவரமானவர்கள்.

படி 7: பழி மேலே, பாராட்டு கீழே

1979 ஆகஸ்ட் 10-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்எல்வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தபோது, பத்திரிகையாளர்களை எதிர்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் வெற்றி கிடைத்தபோது, பேசச்சொல்லித் திட்டத் தலைவர் அப்துல் கலாமை அனுப்பினார். கலாம் மேடைக்கு மேடை சொன்ன கதை, எல்லோருக்கும் தெரியும். நான் அதில் கவனிப்பது இரண்டு தேதிகளுக்கும் நடுவில் இருக்கும் பதினொரு மாதத்தை. வெற்றி வருமா என்று தெரியாமலேயே அவர் பழியை வாங்கிக்கொண்டார்.

நம் அளவில் இது மிகச் சின்னது. மெயிலில் 'எனது டீம் செய்த தவறு' என்பதற்குப் பதில் 'நான் கவனிக்காமல் விட்டது' என்று எழுதுவது. நல்ல யோசனை மேலே போகும்போது யாருடையதோ அவர் பெயரோடு போவது. காலண்டர் தாள்களை மேனேஜரிடம் நான் எடுத்துப்போகவில்லை. அந்தப் பெண்ணையே கூட்டிக்கொண்டு போனேன். பேசும்போது குரல் நடுங்கியது. ஆனால் கணக்கு நடுங்கவில்லை.

சொன்னபடி நடப்பதற்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைவிட நல்ல உதாரணம் இந்த ஊரில் எனக்குத் தெரியாது. முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியது, 12 படுக்கையோடு. அடுத்த வருடம் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் காலமாகும்வரை அங்கேயேதான் இருந்தார். வீடும் அந்த வளாகத்துக்குள்ளேயேதான். அப்படிப்பட்டவர் முன்னால் யாரும் வேலை நேரம் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்க மாட்டார்கள். நாம் அவ்வளவு செய்யவேண்டாம். ஹெல்மெட் போடச்சொல்லிச் சுற்றறிக்கை விட்டுவிட்டுத் தலையில் ஒன்றுமில்லாமல் கேட்டுக்குள் வராமல் இருந்தால் போதும்.

படி 8: கையில் கொடுத்துவிட்டு விலகுங்கள்

'உங்களுக்கு முழுச் சுதந்திரம்' என்று சொல்வது ஏமாற்று. எதற்கு, எவ்வளவு, எதுவரை என்று சொல்லுங்கள். டொயோட்டா தொழிற்சாலைகளில் லைனில் நிற்கும் யாரும் கயிற்றை இழுத்தோ பட்டனை அழுத்தியோ உதவி கூப்பிடலாம், சரியாகாவிட்டால் லைன் நிற்கும். அதைப் படித்துவிட்டு நாங்கள் எழுதிவைத்தது: அளவு தப்பினால் எந்த ஆபரேட்டரும் யாரையும் கேட்காமல் மெஷினை நிறுத்தலாம். 2,000 ரூபாய்வரை டூல், ஸ்பேர் எடுக்க ஷிப்ட் லீடர் கையெழுத்துப் போதும். கஸ்டமருக்கு நேரடியாகத் தேதி சொல்வதற்கு மட்டும் என்னிடம் வரவேண்டும்.

பரீட்சை பொங்கலுக்கு வைத்தேன். நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டேன், போனை அணைத்து அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டு. முதல் நாள் கை அரித்தது. திரும்பிவந்தபோது மூன்று முடிவுகள் எடுத்திருந்தார்கள். இரண்டு சரி. ஒன்று தப்பு, நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

எத்தனை நாளில் இதெல்லாம் நடக்கும் என்று கேட்பீர்கள். நோட்டு இரண்டு வாரம். இரண்டாவது, மூன்றாவது படிகள் உடனே ஆரம்பித்து நிற்காமல் ஓடவேண்டியவை. தனிப்பேச்சில் ஒரு சுற்று முடிந்தபிறகுதான் ஐந்தாவதும் ஆறாவதும் எடுபடும். எட்டாவதை ஆறு மாதத்துக்கு முன்னால் தொடாதீர்கள். அதுவரை நோட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப எடுங்கள். ஒரு வருடம் கழித்து என் நான்காவது கட்டத்தில் 16-க்கு 11 சம்பந்தப்பட்டவரே சொன்னது.

எங்கே கெட்டுப்போகும்

ஆளைக் கவரும் பேச்சு உள்ளவர்களிடம் இது சீக்கிரம் கெடும். பெர்னார்ட் பாஸே பின்னாளில், 1999-ல், போலி உருமாற்றத் தலைவர்களைப் பற்றி எழுதவேண்டி வந்தது: இலட்சியம் பேசி ஆட்களைத் தன் லாபத்துக்கு ஓட்டுபவர்கள். நம் ஊரில் இதற்கு ஒரு அடையாள வாக்கியம் உண்டு, "நாமெல்லாம் ஒரே குடும்பம்". பெரும்பாலும் சனிக்கிழமை மாலை, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச்சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்வார்கள். குடும்பத்தில் யாரும் நோட்டீஸ் பீரியட் கேட்பதில்லை.

இன்னொன்று, செல்லப்பிள்ளைகள். நன்றாகப் பேசுகிறவரோடு இருபது நிமிடம் ஐம்பதாகும், பேசாதவரோடு பத்தாகும். கவனிக்காவிட்டால் ஒரு வருடத்தில் உங்களைச் சுற்றி மூன்று பேர் மட்டும் நிற்பார்கள், உங்களுக்குப் பிடித்த செய்தியாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

உங்களுக்கு மேலே ஒருவர் இருக்கிறாரே

இதையெல்லாம் கீழே செய்துவிட்டு மேலே பார்த்தால், அங்கே பழைய ஆள் உட்கார்ந்திருப்பார். அவரை மாற்றுவது உங்கள் வேலை இல்லை. ஆனால் அவரிடம் கெட்ட செய்தியை முதலில் கொண்டுபோகிறவர் நீங்களாக இருக்கலாம். என்ன ஆச்சு, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம், எப்போது மறுபடி வந்து சொல்வேன் என்ற மூன்றையும் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுங்கள். திட்டினால் வாங்கிக்கொண்டு, சொன்ன நேரத்தில் மறுபடி போய் நில்லுங்கள். அவருக்கும் பழகவேண்டும்.

யாரிடமும் காட்டவேண்டாம் என்று சொன்ன அந்த நோட்டை ஒரே ஒருவரிடம் காட்டினேன். என் மேனேஜர் ரிட்டயர் ஆவதற்கு இரண்டு மாதம் இருந்தபோது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாகப் புரட்டினார்.

"எல்லாம் உன்கிட்ட வந்து சேர்ந்த கணக்கு. நீ என்கிட்ட சொல்லாம விட்டது எங்கப்பா?"

"கடைசிப் பக்கத்துல இருக்கு சார்."

திருப்பினார். ஒரு பக்கம் முடிந்து அட்டையின் உள்பக்கத்துக்கும் ஓடியிருந்தது. முழுவதையும் படித்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்து, ரெண்டு டீ சொல்லச் சொன்னார்.